முப்பத்தாறு நிமிடம்

யாழினி, முகிலா, நீங்கள் இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்பாவிடம் அளந்து அளந்துதான் பேசுகிறீர்கள். "சாப்பிட்டாச்சு." "ஹோம்வர்க் முடிஞ்சது." அவ்வளவுதான். கோபப்பட உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். உங்கள் பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் பின்னால் இருக்கும் சுவருக்குப் போன மாதம்தான் பெற்றோர்கள் எல்லாரும் சேர்ந்து சாயம் அடித்தோம். அதில் மூன்று பையன்கள் மார்க்கர் பேனாவால் கண்டதையும் கிறுக்கிவிட்டார்கள். வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா தூரத்திலிருந்து எடுத்த படத்தில் மூன்று முதுகும் மூன்று பையும்தான் தெரிந்தன. இரண்டு பேர் உடனே ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது யார் என்று அவர்கள் வாய் திறக்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலவையில் நானும் ஓர் ஆள் என்பதால், கட்டொழுங்கு ஆசிரியர் அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். நான் மஞ்சள் பையைப் பார்த்தேன். பார்த்த உடனே, "இது நம்ம முகிலன் கிளாஸ் பையன் சார். இந்தப் பையத்தான் தினமும் மாட்டிக்கிட்டு வர்றான்" என்றேன். அந்தப் பையன், "நான் இல்லை" என்று சொல்லியிருக்கிறான். ஆனால் என் பேச்சைத்தான் நம்பினார்கள். மற்ற இருவரோடு அவனும் சுவரைத் தேய்த்தான்.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது, முகிலா, நீதான் சொன்னாய். "அப்பா, அவன் அந்த நேரம் என்கூட நூலகத்துல இருந்தான். அந்த மஞ்சப் பேக் என்கிட்டயும் இருக்கு லா. வருஷ ஆரம்பத்துல மேடையில நின்னு இருபது பேருக்கு நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க?"

யாழினி, நீ தட்டைப் பார்த்தபடியே, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாய்.

நான் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனேன். பதில் தெரியாமல் இல்லை. பதில் ஓர் ஆளைப் பற்றியது. அந்த ஆளைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது. நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன், ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற கை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் படித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே ஓர் அக்கா வேலை செய்தார். ஆசிரியர் இல்லை. கூட்டுவது, புல் வெட்டுவது, ஒழுகும் குழாயைச் சரிசெய்வது, கால் ஆடும் மேசைக்கு ஆணி அடிப்பது எல்லாம் அவர்தான். ஆம்பிளைச் சட்டையும் கால்சட்டையும் போட்டு, முழங்கால் வரைக்கும் மஞ்சள் பூட்ஸ் மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி அதற்கு மேலே ஒரு தொப்பியும் வைத்திருப்பார். புல் வெட்டும் மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் திடலில் இறங்கினால் நாங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்போம். கிட்டே வந்தால் பெட்ரோலும் வெட்டின புல்லும் கலந்த வாசம் அடிக்கும். எங்களுக்கும் அவர் அக்காதான், ஆசிரியர்களுக்கும் அக்காதான்.

அவர் சட்டைப் பையில் வார் அறுந்த கைக்கடிகாரம் ஒன்று இருக்கும். எந்த வேலையைத் தொடங்கினாலும் அதை எடுத்து ஒரு பார்வை. முடித்ததும் இன்னொரு பார்வை. ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடி உடைந்த அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் கல் எறிந்து ஜன்னல் கண்ணாடி ஒன்றை உடைத்துவிட்டான். தலைமையாசிரியர் அவனைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ரோத்தான் பிரம்பால் இரண்டு கொடுத்தார். பையன் அழுதான், விஷயம் முடிந்தது. அக்கா வேறு கண்ணாடி மாட்டிவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போனார். உள்ளே நுழையவில்லை, பூட்ஸில் மண். வாசலில் நின்றே கேட்டார்.

"பெரிய சார், அவனுக்கு ரெண்டு அடி குடுத்தீங்க. கண்ணாடி ஒட்டிக்கிச்சா?"

தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாத பேச்சு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "அப்ப நீரே சொல்லும், என்ன செய்யலாம்?" என்றார்.

"மாட்ட எனக்கு இருவது நிமிசம் புடிச்சிச்சு சார். அந்த இருவது நிமிசம் அவன் எனக்குக் குடுக்கட்டும்."

அந்தப் பையன் அன்றைக்கு இருபது நிமிடம் அக்காவோடு கண்ணாடி துடைத்தான். அதற்குப் பிறகு, பள்ளிச் சாமான் எது உடைந்தாலும் கிழிந்தாலும் தலைமையாசிரியர், "அக்காட்டப் போய் நில்லும்" என்று அனுப்பிவிடுவார்.

தண்டனை அதிகம் இல்லை. ஆனால் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதுதான் அவர். முதலில் அதே மாதிரி வேலையைத் தானே செய்து பார்ப்பார், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. எட்டு நிமிடம் பிடித்தால் உனக்கும் எட்டு நிமிடம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி காம்பஸ் முனையால் மேசையில் தன் பேரைச் செதுக்கிவிட்டாள். மணல் தாளால் தேய்க்கச் சொன்னார். எட்டு நிமிடத்தில் அவளால் பாதிப் பேரைத்தான் அழிக்க முடிந்தது. அக்கா வந்து தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"முடிஞ்சிச்சு, போ."

"இன்னும் ரெண்டு எழுத்து இருக்கே அக்கா."

"இருக்கட்டும். அது உன்னுது இல்ல. உன் கை சின்னக் கை. கை சின்னதா இருக்கிறது உன் குத்தமா?"

அந்த இரண்டு எழுத்தும் அங்கேயே இருந்தன. மறு வருடம் அந்த மேசை எனக்கு வந்தது. கணக்குப் பாடம் ஓடாத நேரமெல்லாம் அதைத்தான் விரலால் தடவிக்கொண்டிருப்பேன்.

இதில் ஆசிரியர்களுக்கு அவர்மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஒருவன் கழிவறைக் கண்ணாடியை உடைத்தான் என்று ஓர் ஆசிரியர் கொதித்துப் போய், ஒரு மாதம் எல்லாக் கழிவறையையும் கழுவட்டும் என்றார். அக்கா வாளியோடு நின்றபடியே கேட்டார்.

"சார், ஒடைஞ்சது கண்ணாடி ஒண்ணு. கக்கூஸ் எட்டு இருக்கு. எனக்குக் கணக்கு வராது, ஆனா இது ஒதைக்குது."

"மத்த பையன்களுக்குப் பயம் வரணும் இல்லக்கா?"

"மத்தவன் பயப்படுறதுக்கு இவன் எதுக்கு சார் கழுவணும்?"

அந்த ஆசிரியர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவருடைய மகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். ஒரு நாள் அவளே வகுப்புச் சுவரில் மெழுகு வண்ணத்தால் பூனை வரைந்துவிட்டாள். செய்தி லயத்து வீடு முழுக்கப் பரவிவிட்டது. இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவள் தன் பிள்ளைக்கு இரட்டிப்பாகக் கொடுத்தால்தானே பேர் நிற்கும்? அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பூனைக்கு ஆறு நிமிடம். ஆறு நிமிடத்தில் துணியை வாங்கிக்கொண்டார். கேண்டீன் நடத்தும் அம்மா, "இவ்வளவுதானா? உன் மவளாச்சே!" என்றார்.

"என் மவளாச்சேன்னு அவகிட்ட ரெண்டு நிமிசம் கூட வாங்குனா, அந்த ரெண்டு நிமிசம் எனக்குப் பேரு வாங்க. அத அவ எதுக்குக் குடுக்கணும்?"

எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். விளையாட்டுப் போட்டி நாளில் பார்லி தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு. குவளையில் ஒரு கோடு இருக்கும், யாருக்கும் அந்தக் கோடுதான். ஓடி முடித்து நாக்கு வெளியே தள்ளி நிற்கிற பிள்ளைக்கும் அந்தக் கோடுதான். என் அம்மா, அதாவது உங்கள் பாட்டி, ஒரு தடவை எரிச்சலில், "இவ மனுஷியா, தராசா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. எதிலும் தப்பே செய்யாத ஆள் பக்கத்தில் நிற்பது சின்னப் பையனுக்குச் சுகமான விஷயம் இல்லை.

ஆனால் அவரும் ஒரு தப்பு செய்தார். அது என் விஷயத்தில்.

நான் ஆறாம் ஆண்டில் இருந்தபோது மாவட்டக் கல்வி அதிகாரி வருகிறார் என்று பள்ளியின் பின்சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பளிச்சென்று அப்படி ஒரு வெள்ளை. எங்கள் வகுப்புப் பையன்களுக்குக் கால் அரித்தது. தூரத்திலிருந்து ஓடிவந்து, சுவரில் ஏறி மிதித்து, யாருடைய சப்பாத்துத் தடம் உயரத்தில் விழுகிறது என்று போட்டி. செம்மண் ரோட்டில் நடந்து வந்த சப்பாத்து, புது வெள்ளைச் சுவர். ஒரே இடைவேளையில் எட்டுத் தடம்.

நான் மிதிக்கவில்லை. நான் நல்லவன் என்பதால் இல்லை. வகுப்பிலேயே குள்ளம் நான்தான், மிதித்தால் சிரிப்பார்கள். அதோடு எனக்கு வேறு நினைப்பு இருந்தது. வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் மாவட்ட ஓட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். குள்ளமாக இருந்தாலும் நான் ஓடினால் ஓடினதுதான். எடுபட்டால் பள்ளிப் பேர் போட்ட ஜெர்சி, கூலிமுக்கு வேன், அங்கே பெரிய திடல். அம்மா அப்பா இல்லாமல் கூலிமுக்குப் போவது என்பதே அப்போது வெளிநாடு போவது மாதிரி. அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் அந்த மாதம் தலையில் ஏறவில்லை.

என் சப்பாத்து மட்டும் மிதித்தது. எப்படி என்றால், என் வலது சப்பாத்தின் அடி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. உங்கள் தாத்தா பழைய மோட்டார் சைக்கிள் டயரில் ஒரு துண்டு வெட்டி அதில் ஒட்டியிருந்தார். வகுப்பில் உயரமான பையன் சேகர். அவன் வந்து, "டேய், உன் சப்பாத்து டயர் மாதிரி புடிக்கும்டா, ஒரு வாட்டி குடு" என்றான். எனக்கு ஒரு மாங்காய்த் துண்டும் உப்பும் மிளகாய்த் தூளும் கொடுத்தான். சேகர் என் சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டு மூன்று தடவை ஓடினான். மூன்று தடமும் மற்ற எல்லாத் தடத்துக்கும் மேலே விழுந்தன. மூன்றிலும் டயர்க் கோடு.

அக்கா சுவரைப் பார்த்தார். கத்தவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, யாருடையது என்று தெரியாமல் கலைந்து கிடந்த தடத்தைத் தானே தேய்த்து, காயவிட்டு, வெள்ளை தடவிப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம். பிறகு ஆறாம் ஆண்டுப் பையன்களை வரிசையாக நிற்க வைத்துச் சப்பாத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார். இரண்டு பேருக்கு இரண்டிரண்டு தடம். என் முறை வந்தபோது டயர்த் துண்டைப் பார்த்துவிட்டு, "மூணு. முப்பத்தாறு நிமிசம்" என்றார்.

நான் சேகரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் மாங்காய் வாங்கித் தின்ற வாய். காட்டிக் கொடுத்தால் அவன் முகத்தில் எப்படி முழிப்பது என்ற நினைப்பு வேறு. பேசாமல் நின்றேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை.

"அக்கா, ஓட்டத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. நாளைக்குச் செய்றனே."

"இன்னைக்குச் செஞ்சத இன்னைக்கே முடிக்கணும். சுவத்துல கால வைக்கும்போது ஓட்டம் இருக்கிறது தெரியலையா?"

மேலே இருந்த தடங்களுக்கு என் கை எட்டவில்லை. அக்காவே கேண்டீன் பக்கம் போய் ஒரு பெஞ்சைத் தூக்கிவந்து போட்டார். நான் அதில் ஏறி நின்று தேய்த்தேன். பள்ளிக்கு முன்னால் திடலில் விசில் சத்தம். ஒரு விசில், கைத்தட்டல். இன்னொரு விசில், கைத்தட்டல். ஒவ்வொரு விசிலுக்கும் என் கால் பெஞ்சின்மேல் தானாகத் துடித்தது. முப்பத்தாறு நிமிடம் முடிந்து, "முடிஞ்சிச்சு, போ" என்று அவர் சொன்னதும் நான் ஓடினேன். திடலில் ஆசிரியர் கோட்டுச் சுண்ணாம்பை மூட்டையில் கட்டிக்கொண்டிருந்தார். பேர்கள் எழுதி முடித்தாகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை இடைவேளையில் அக்கா என்னைத் தேடி வந்தார். கையில் அந்தப் பெஞ்சு. அதைத் திருப்பிப் போடத்தான் பின்பக்கம் போயிருக்கிறார். பெஞ்சைத் தூக்கும்போது மனதில் ஏதோ இடித்திருக்கிறது.

"தம்பி, இங்க வா. ஓடிவந்து சுவத்துல ஒரு மிதி மிதி."

"அக்கா, திரும்பவுமா? நான் மாட்டேன்."

"நான்தானே சொல்றேன். மிதி லா."

ஓடிவந்து மிதித்தேன். தடம் அவர் இடுப்புக்கு நேரே விழுந்தது. "இன்னும் ஓங்கி." மிதித்தேன். "இன்னொண்ணு." உயிரைக் கொடுத்து மிதித்தேன். அவர் நெஞ்சுக்குக் கீழேதான். நான் முன்பு தேய்த்து வெள்ளை தடவிய மூன்று இடமும் பழைய வெள்ளையோடு சேராமல் தனியாகத் தெரிந்தன. மூன்றும் அவர் தலைக்கு மேலே.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பெஞ்ச நான்தானே தூக்கியாந்து போட்டேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பெஞ்சிடம் சொன்னார்.

பிறகு தலையைத் தூக்கி, "சப்பாத்து உன்னுது. காலு யாருது?" என்று கேட்டார். குழாய்ப் பக்கம் கூட்டத்தில் நின்ற சேகர்தான் முன்னால் வந்தான். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு.

"என்னுதுக்கா."

அடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் அவனை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு நீ ஏன் வாயத் தொறக்கல?" என்றார். பிறகு அவரே, "அதுக்கு என்கிட்ட தண்டன இல்ல. அத நீயே பார்த்துக்க" என்றார். நான் புதிதாக மிதித்த மூன்று தடத்தையும் தேய்க்க வாளியையும் துணியையும் எடுத்தேன். "வை. நான் சொல்லித்தானே மிதிச்ச. அது என்னுது" என்று துணியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வகுப்பு ஜன்னல் துடைக்கும் முறை எனக்கு. பள்ளி முடிந்ததும் அக்கா வகுப்புக்கு வந்தார். பெஞ்சைப் போட்டு என்னை உட்கார வைத்தார். வார் அறுந்த கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது அது.

"முப்பத்தாறு நிமிசம். நீ பார்த்துச் சொல்லு."

என் துணியை எடுத்து ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தார். விஷயம் தெரிந்து வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. தலைமையாசிரியரே வந்துவிட்டார். அவருக்குச் சங்கடம். "உமக்கு இது தேவைதானா? பிள்ளையிட்ட ஒரு சொல்லுச் சொன்னால் போதுமே."

"சார், பையன் எனக்குச் சொல்லு குடுக்கல. வேல குடுத்தான்."

என்னால் உட்கார முடியவில்லை. என் அம்மாவைவிடக் கொஞ்சம்தான் வயது குறைந்தவர். முதுகுச் சட்டை நனைந்துவிட்டது. நான் உட்கார்ந்து பார்க்கிறேன். பத்து நிமிடத்தில், "போதும் அக்கா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் அழுகை வந்துவிட்டது. "அக்கா, நான் விட்டுட்டேன், போதும்."

"இது நீ விட்டுக்குடுக்கிற சாமான் இல்ல தம்பி. கடிகாரத்தப் பாரு."

பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரு கடிகாரத்தை நான் பார்த்ததில்லை. முப்பத்தாறு ஆனதும் சொன்னேன். ஒரு கண்ணாடியின் பாதியில் கை நின்றது. மேல் பாதி பளபளப்பு, கீழ்ப் பாதி அழுக்கு. துணியை மடித்து என்னிடம் கொடுத்தார். கடிகாரத்தை வாங்கிக்கொண்டார்.

நான் பையைத் தூக்கியபோது, "எங்க போற, வா" என்று திடலுக்குக் கூட்டிப்போனார். ஓட்டத்துக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு இன்னும் லேசாகத் தெரிந்தது. அந்த இடத்தில் நின்றுதான் தொப்பியைக் கழற்றினார். துண்டுக்கு வெளியே நரை தெரிந்தது.

"நிமிசத்துக்கு அளவு இருந்திச்சு, திருப்பிட்டேன். இந்த ஓட்டத்துக்கு என்கிட்ட அளவு இல்ல. எப்படித் திருப்புறதுன்னு எனக்குத் தெரியல. அதனால மன்னிச்சிக்கன்னு கேக்கிறேன்."

பெரியவர்கள் யாரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல், "பரவாயில்லக்கா" என்றேன்.

"ஒடனே சொல்லாத. நெனச்சுப் பார்த்துச் சொல்லு. பரவாயில்லன்னா சொல்லு, இல்லாட்டி சொல்லாத."

சேகரின் முப்பத்தாறு நிமிடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சுவர்தான் சுத்தமாகிவிட்டதே. "நீ சுவத்துக்குச் செய்ய ஒண்ணும் இல்ல. இவன் ஓடுறப்போ கூட ஓடு" என்று சொல்லிவிட்டார். இரண்டு சாயங்காலம் செம்மண் ரோட்டில், செம்பனை மரங்களுக்கு நடுவே, சேகர் நாக்குத் தள்ள என்னோடு ஓடினான். "டேய், அக்கா அடிச்சிருந்தாகூட இதுக்கு மேல வலிச்சிருக்காதுடா" என்று புலம்பிக்கொண்டே ஓடினான். நான் சிரித்துக்கொண்டே ஓடினேன். கூலிமில் ஓடினவர்கள் அந்த வருடம் எதையும் ஜெயிக்கவில்லை. நான் போயிருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இப்போது நினைப்பதில்லை.

அக்கா அதற்குப் பிறகு என்னைத் தனியாகக் கவனிக்கவில்லை. பார்லி தண்ணீர் அதே கோடுதான். அந்த மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆறாம் ஆண்டின் கடைசி நாள். எல்லாரும் சட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிந்தார்கள். அக்கா திடலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய், "பரவாயில்லக்கா!" என்றேன். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. தொண்டை கிழிய, "பரவாயில்லக்கா!" என்று கத்தினேன். அவர் மிஷினை அணைத்தார்.

"என்னா?"

திடீரென்று எல்லாம் அமைதி. எனக்கு வெட்கமாகிவிட்டது. "அன்னைக்கு... ஓட்டம். பரவாயில்ல."

என் முகத்தையே பார்த்தார். வெட்டின புல் அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"நெனச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சரி" என்றார். மிஷின் கயிற்றை இழுத்தார். புல் பறந்தது. திரும்பி நடக்கும்போது கூலிமுக்குப் போய் ஜெயித்து வந்தவன் மாதிரி இருந்தது எனக்கு. ஏன் என்று இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை.

பிறகு நாங்கள் சுங்கைப் பட்டாணிக்கு வந்துவிட்டோம். அவர் மகள் பெண்டாங்கில் கல்யாணம் செய்துகொண்டாள் என்றும், அவரும் அங்கே போய்விட்டார் என்றும் யாரோ சொன்னார்கள். அதற்கு மேல் தெரியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதன்கிழமை கட்டொழுங்கு ஆசிரியரைப் பார்த்து, தப்பு என்னுடையது, அந்தப் பையன் சுவரில் கை வைக்கவில்லை, கட்டொழுங்குப் புத்தகத்தில் அவன் பேரை எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார். எவ்வளவு நேரம் தேய்த்தான் என்று கேட்டேன். "இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும். எதுக்கு அண்ணே இதெல்லாம்?" என்று சிரித்தார்.

நேற்று அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா முன்னாலேயே சொன்னேன்: "பையத்தான் பார்த்தேன், உன்னப் பார்க்கல. இருபது பேருக்கு நானே குடுத்த பை. மன்னிச்சிக்க தம்பி." பள்ளி வேனில் பிள்ளைகள் அவனை "கிறுக்கன்" என்று நான்கு நாளாகக் கூப்பிடுகிறார்களாம். அதற்கு என்னிடம் அளவு இல்லை. அவன் காலை ஆட்டிக்கொண்டே, "பரவாயில்ல அங்கிள்" என்றான்.

"ஒடனே சொல்லாதடா. நெனச்சுப் பார்த்துச் சொல்லு."

அவன் அம்மா இது என்ன மனுஷன் என்பது போலப் பார்த்தார். அவன் மட்டும் காலை ஆட்டுவதை நிறுத்தினான். யோசிக்கிறான் போல. இன்னும் சொல்லவில்லை. முகிலா, நீ அவனிடம் கேட்டு அவசரப்படுத்தாதே. வேனில் அவனை யாராவது அப்படிக் கூப்பிட்டால் நூலகத்தில் நீங்கள் இருந்ததைச் சொல். அது போதும்.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. இன்றைக்குச் சனிக்கிழமை, மளிகைச் சாமான் வாங்கப் போகிறேன் என்றுதானே சொல்லிவிட்டுக் கிளம்பினேன்? முதலில் பள்ளிக்குப் போனேன். ஜாகா கதவைத் திறந்துவிட்டார். சுவரில் மார்க்கர் எழுத்து இன்னும் மங்கலாக இருந்தது. மூன்று பையன்கள் தேய்த்தும் போகவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, சட்டைக் கையை மடித்து, கைப்பேசியில் இருபத்தைந்து நிமிடம் வைத்தேன். யாரும் இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. தேய்த்தேன். தோள் வலித்தது. கடைசி எழுத்தின் பாதியில் மணி அடித்தது. இன்னும் நான்கு இழு இழுத்தால் அதுவும் போய்விடும். கை தானாகச் சுவருக்குப் போகப் பார்த்தது.

பிரஷ்ஷை வாளியில் போட்டேன். தண்ணீரைக் கால்வாயில் ஊற்றி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.